மண் மாறினால் சூடம்

போன மாதம் ஒரு தம்பி என்னைத் தேடிக்கொண்டு காஜா பெராங் வீட்டுக்கு வந்தார். பெயர் கதிரவன். நான் உழைத்து ஓய்வு பெற்ற அதே இலாகாவில், தண்ணீருக்குத் துளை போடும் பிரிவில், புதிதாகச் சேர்ந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக என் சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்து ஒரு படத்தைக் காட்டினார். அந்தப் படத்தில் மலாக்கா நீரிணையே இல்லை. தெங்கேரா கடற்கரையில் தொடங்கி சுமத்ரா வரைக்கும் ஒரே தவிட்டு நிறத் தரை.

"அங்கிள், பல்லாயிரம் வருசத்துக்கு முந்தி கடல் இப்படித்தான் வத்திக் கிடந்துச்சு. அதனால மழை கொறைஞ்சு, காடு போயி, எல்லாம் புல்லாயிருச்சு. இப்ப கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுச் சொல்றாங்க. ஆனா நம்ம பக்கத்துல அதைக் கையால தொட்டுப் பார்த்தது நீங்க கம்போங் செட்டியில போட்ட துளையிலதான்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. அங்க என்னதான் நடந்துச்சு?"

இதைக் கேட்க ஓர் ஆள் வருவதற்கு எனக்கு முடி முழுக்கக் கொட்ட வேண்டியிருந்தது. காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதியா இது? எழுதித் தருகிறேன், குறுக்கே பேசாமல் படி என்றேன். அதுதான் இது.

நான் வேலைக்கு வந்த விதம் பெரிய கதை இல்லை. தோட்டத்தில் பால்மரம் சீவப் பிடிக்காமல் டவுனுக்கு ஓடி வந்தேன். இலாகாவில் கயிறு இழுக்க ஆள் கேட்டார்கள். முதலில் கயிறு இழுக்கக் கற்றுக்கொண்டேன், பிறகு எப்போது இழுக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். என் பயிற்சி அத்தனைதான்.

எங்கள் மேலதிகாரி அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர், மண்ணியல் படித்தவர். முட்டி வரை காலுறையும் வெள்ளை அரைக்கால் சட்டையுமாக வருவார். சேற்று வேலையில் வெள்ளைச் சட்டை எதற்கு என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. துளைக்குள் இறக்கிய இரும்புக் குழாயை மேலே எடுத்து, அதற்குள் இருக்கும் மண்ணைத் துத்தநாகத் தகட்டில் தள்ளும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. "சத்தம் போடாதேங்கோ, அது முதல்ல கதைக்கட்டும்" என்பார். அது என்பது மண். குனிந்து மோந்து பார்ப்பார். நகத்தால் கிள்ளிப் பிசைவார். கடைசியில் ஒரு கடுகளவு எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு சீனி போடாத தேநீரால் வாய் கொப்பளித்துத் துப்புவார். கடல் சேறு என்றால் உப்பு, ஆற்று வண்டல் என்றால் ஒன்றும் இருக்காது, சிவந்த செம்பூரான் மண் என்றால் நாக்கில் ஒரு துவர்ப்பு. எங்களையும் ருசி பார்க்க வைத்தார். மாதச் சம்பளத்துக்கு மண் தின்கிறவன் என்று என் மாமியார் என்னைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை.

துளை போடுகிற எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் மாணிக்கண்ணன். அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. துளை இறங்க இறங்க மண் ஒரு வகையிலிருந்து வேறு வகைக்கு மாறினால் வேலையை நிறுத்த வேண்டும். ஒரு கொட்டாங்கச்சியைத் துளையில் நிற்கும் வெளிக்குழாயின் வாயில் வைத்து அதில் சூடம் கொளுத்தி எல்லோரும் கும்பிட வேண்டும். "புது வாசல் தொறக்குறோம்டா. சொல்லாம கொள்ளாம அடுத்தவன் வீட்டுக்குள்ள போவியா?" என்பார். அம்பலவாணரும் காலணியைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்பார். மண் மாறினால் சூடம். எங்களுக்கு அது சட்டம் மாதிரி.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், ஆன பிறகு வந்த முதல் மார்கழி அது. அந்த வருடம் மழை முன்னதாகவே நின்றுவிட்டது. கம்போங் செட்டி என்ற கிராமத்தில் கிணறுகள் எல்லாம் உப்புக் கரிக்க ஆரம்பித்தன. குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும் தண்ணீர் லாரிதான் கதி. சாம்பல் நிறக் கடல் சேற்றுக்குக் கீழே நல்ல தண்ணீர் இருக்கிறது என்று அம்பலவாணர் மேலிடத்தில் அடித்துச் சொல்லி, ஒரே ஒரு துளைக்கு அனுமதி வாங்கி வந்தார். அது பொய்த்தால் துளைக்கு மேல் நிறுத்தும் முக்காலியையும் கயிற்றையும் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கம்போங்குக்கு மறுவாய்ப்பு கிடையாது.

துளைக்குத் தோதான இடம் மீனாட்சியம்மாவின் வீட்டுக் கொல்லையாக அமைந்தது. அவரைக் காக் மீனாச்சி என்று கூப்பிடுவோம், அக்கா என்பதுபோல. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய இந்தச் செட்டிகளுக்குச் சாமியும் பேரும் நம்முடையது, பேச்சு மட்டும் மலாய். அவர் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். நாற்பது வயதிருக்கும். கெபாயாச் சட்டை, கைலி, நெற்றியில் திருநீறு. புருசன் ஆறுமுகம் தொங்கானில் வேலை பார்த்தவர், அக்கரையான சுமத்ராவிலிருந்து அடுப்புக்கரி ஏற்றி வருகிற பாய்மரக் கப்பல் அது. ஒரு பயணத்தில் தொங்கான் நடுக் கடலில் மூழ்கியது. உடல் கரைக்கு வரவில்லை. இதை அவர் எங்களிடம் முதல் நாளே, தேங்காய் துருவிக்கொண்டே, விலைவாசி சொல்லுகிற குரலில் சொன்னார்.

சேறு முடிவில்லாமல் வந்தது. சாம்பல் நிறம், சிப்பித் துண்டுகள், உப்பு. "இன்னும் கடல்தான்" என்று அம்பலவாணர் ஒவ்வொரு முறையும் துப்பினார். ஒரு நாள் உச்சி வேளையில் குழாய் மேலே வந்தபோது வாசனை மாறியிருந்தது. தகட்டில் தள்ளினோம். கன்னங்கரேலென்று மக்கிய வேரும் சருகும் இறுகிக் கிடந்தன. நடுவில், விரல் நீளத்துக்கு, ஓர் இலை.

அது பச்சையாக இருந்தது. காய்ந்த பச்சை இல்லை, இன்று காலையில் கிள்ளிய பச்சை. நரம்பு தெரிந்தது. அம்பலவாணர் அதை உள்ளங்கையில் எடுத்து வெயிலில் நீட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலையின் ஓரம் பழுப்பானது, பிறகு நடுப்பகுதி, பிறகு காம்பு.  ஒரு சுருட்டு பற்றவைக்கிற நேரத்துக்குள் அவர் கையில் கரித்துண்டு மாதிரி ஒன்றுதான் இருந்தது. வேலியருகே நின்ற காக் மீனாச்சி மெல்லக் கேட்டார்.

"செத்துப்போச்சா?"

"இது செத்துப் பல்லாயிரம் வருசம், அம்மா" என்றார் அம்பலவாணர் மலாயில். "காத்துப் படாமக் கிடந்ததால அதுக்கு இன்னும் தெரியேல்ல" என்று எங்களிடம் தமிழில் முடித்தார். 

மண் மாறிவிட்டது அல்லவா. மாணிக்கண்ணன் கொட்டாங்கச்சியை எடுத்துக் குழாய் வாயில் வைத்தார், சூடத்தைப் பற்றவைத்தார். 'புஸ்' என்று ஒரு சத்தம். அவர் பின்னால் விழுந்தார். தீ எதுவும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் குழாய்க்கு நேர் மேலே இருந்த ரம்புத்தான் மரக் கிளையில் இலைகள் தாமாகவே சுருண்டு கருகின. உச்சி வெயிலில் நீலத் தீயைப் பார்க்க முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஈரச் சாக்குகளைப் போட்டு அமுக்கினோம். மாணிக்கண்ணனுக்கு உயிருக்கு ஒன்றுமில்லை. மீசைதான் பாதி போய்விட்டது. "கும்பிட்ட சாமியே கடிச்சிருச்சு லா" என்று தரையில் உட்கார்ந்தபடி சொன்னார். சிரிக்க வந்தது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் சாக்கு மேலே எழும்பி, கீழே அமுங்கி, மறுபடி எழும்பிக்கொண்டிருந்தது. குழாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கடல் ஏறும்போது நிலத்தடியில் அழுத்தம் கூடும், காற்று வெளியே வரும். வற்றும்போது உள்ளே இழுக்கும் என்று அம்பலவாணர் விளக்கினார். அது சதுப்பு வாயு, புதைந்த காடு அழுகி விட்ட காற்று. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டப்பகலில், காரணமும் தெரிந்து, நாங்கள் அந்தக் குழாய்க்கு முதுகு காட்டி உட்காரவில்லை.

அன்று தேநீர் குடிக்கும்போது அவர் நிறையப் பேசினார். அதுவும் அவர் வழக்கமில்லை.

"மழைக்காத்து வெறுங்கையோட வந்தால் மழை பெய்யாது, பாருங்கோ. வழியில கடல் இருந்தால் அள்ளிக்கொண்டு வரும். ஒரு காலத்தில கடல் இந்தப் பக்கமெல்லாம் விட்டு விலகிப் போட்டுது. காத்து காய்ஞ்ச தரையில நடந்து வந்து, பாதிக் கையோட நிண்டிருக்கும். மரம் எண்டால் விழுந்த மழையை உறிஞ்சி, இலையால திருப்பி வானத்துக்குக் குடுக்கும், அடுத்த ஊருக்கும் மழை போகும். மழை குறைய மரம் செத்துது. மரம் சாக மழை இன்னும் குறைஞ்சுது. கடைசியில வெறும் புல். பிறகு கடல் திரும்பி வந்துது, காத்தின்ர கை நிறைஞ்சுது. கரையில முளைச்ச இந்தச் சதுப்புக் காட்டையும் அந்தக் கடலே மூடிப்போட்டுது. இது என்ர எண்ணம். ஆரும் இன்னும் ஒப்புக்கொள்ளேல்ல."

"அப்ப இதுக்குக் கீழ?" என்று கேட்டேன்.

"இதுக்குக் கீழ அந்தக் காய்ஞ்ச தரை இருக்கோணும். அதுக்கும் கீழ மணல். அந்தக் காலத்தில பெய்த கொஞ்ச மழையும் அதுக்குள்ளதான் இறங்கியிருக்கும். மேல சேறு மூடி போட்டமாதிரி. உப்பு இறங்கேலாது."

விசயம் மேலிடத்துக்குப் போனது. வாயு தீரும்வரை சுற்றியிருக்கும் வீடுகளில் ஒரு தீக்குச்சி கிழிக்கக் கூடாது, முடியாவிட்டால் துளையை மண் போட்டு மூடிவிட்டு வா என்று உத்தரவு வந்தது. அடுத்த இரண்டு வீட்டுக்காரர்கள் உறவுக்காரர் வீட்டில் சமைத்துக்கொள்கிறோம் என்றார்கள். காக் மீனாச்சி மட்டும் முடியாது என்றார். போகி வந்துகொண்டிருந்தது.

செட்டிகளுக்குப் போகி என்றால் பார்ச்சு. செத்துப்போன முன்னோருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலை போட்டுப் படைப்பார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி, சாம்பிராணி போட்டு, கூப்பிட்டுவிட்டு, வீட்டிலுள்ளவர்கள் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுப் போக நேரம் விட்டு, கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள்.

அம்பலவாணர் தானே அவர் வாசலுக்குப் போனார். நான் கூட நின்றேன். காக் மீனாச்சி அவரைத் துவான், அதாவது ஐயா, என்றுதான் அழைப்பார்.

"இந்த ஒரு வருசம் வேற வீட்டில படையுங்களேன்."

"அவருக்கு இந்த வீடுதானே தெரியும் துவான். கல்லறையும் இல்லை. வருசத்துக்கு ஒரு நாள் வருவார். விளக்கு இல்லாவிட்டால் எதைப் பார்த்து வருவார்?"

"துளையை மூடினால் கம்போங்குக்குத் தண்ணீர் இல்லை, அம்மா."

"எனக்குத் தெரியாதா? நானும் உப்புத் தண்ணிதான் குடிக்கிறேன்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு வருசமும் கதவைத் திறந்ததும் முதலில் தரையைத்தான் பார்ப்பேன். ஈரக் கால் பதிந்திருக்கிறதா என்று. ஒரு தடவைகூட இல்லை. இந்த வருசம் நான் விளக்கு ஏற்றாமல் விட்டு, இந்த வருசம் அவர் வந்திருந்தால்?"

 அம்பலவாணர், என்ன நினைத்தாரோ, வாசற்படியில் உட்கார்ந்து அவருக்கும் அந்தப் பழைய கதையைச் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் கிடக்கிற கடல் ஒரு காலத்தில் கடலே இல்லை, புல் முளைத்த தரை, இங்கிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போகலாம் என்றார். ஆறுதலுக்குச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். காக் மீனாச்சி அவரை உற்றுப் பார்த்தார்.

"அப்படியானால் அவர் நடந்தே வரலாமே."

அம்பலவாணர் எழுந்து வந்தார், முக்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு மாணிக்கண்ணனைக் கூப்பிட்டார்.

அடுத்து நாங்கள் செய்த வேலையை இந்தத் தம்பி கவனமாகப் படிக்க வேண்டும், எந்தப் புத்தகத்திலும் இருக்காது. துளையின் வாயை இரும்பு மூடியால் மூடி, அதிலிருந்து மெல்லிய குழாய்களை ஒன்றோடொன்று பூட்டி, கொல்லையைத் தாண்டிப் பின்னாலிருந்த பொட்டல் வரைக்கும் கொண்டுபோனோம். மூட்டுக்கு மூட்டு, துளையிலிருந்து வந்த அதே சாம்பல் களிமண்ணைப் பிசைந்து அப்பினோம். நடுவழியில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர். வாயு அந்தத் தண்ணீருக்குள் குமிழி விட்டு வெளியேறித்தான் மறுபக்கக் குழாய்க்குப் போகும். தீ திரும்பி வந்தால் தண்ணீரைத் தாண்டாது. பொட்டலில், குழாயின் கடைசி நுனியில், அவர் ஒரு நீளக் கம்பில் பந்தம் கட்டி எட்ட நின்று பற்றவைத்தார். பிறகு காக் மீனாச்சி வீட்டுக்குள் போய், மூலைக்கு மூலை தரையில் மூக்கை வைத்துப் படுத்து மோந்து பார்த்தார். வெள்ளைச் சட்டை முழுக்க அடுப்புக்கரி.

"சமையுங்கோ, அம்மா. விளக்கும் ஏத்துங்கோ. நான் பீப்பாயடியில இருக்கிறன்."

வீடு பற்றியிருந்தால் அவர் வேலை போயிருக்கும். அதைவிட மோசமானதும் நடந்திருக்கும். அவருக்கு அது தெரியும்.

போகியன்று பொழுது சாயும் நேரம். வீட்டுக்குள்ளிருந்து கறி மணமும் சாம்பிராணியும் வந்தன. பொட்டலில் நீலத் தீ ஆள் உயரத்துக்கு நின்று எரிந்தது. பீப்பாயில் குமிழிகள் சோறு கொதிக்கிற மாதிரி பொங்கின. கடல் ஏற்றம், அதனால் வாயுவுக்கு வேகம். காக் மீனாச்சி வெளியே வந்து கதவைச் சாத்தினார். எங்கள் பக்கம் திரும்பவில்லை, தீயைத்தான் பார்த்தார்.

கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் குமிழி நின்றது.

குறையவில்லை, நின்றது. பீப்பாய்த் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. பொட்டலில் தீ சுருங்கிச் சுருங்கி ஒரு நெல்மணியளவுக்கு வந்து, அணையாமல், குழாய் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. தவளைச் சத்தமும் இல்லை. கொல்லையில் யாரோ நம்மைத் தாண்டிப் போகும்போது ஒதுங்கி நிற்போமே, அப்படி நான் காலை இழுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மாணிக்கண்ணன் மீசை போன இடத்தைத் தடவிக்கொண்டு முருகா முருகா என்றார். நான் அம்பலவாணரைப் பார்த்தேன்.

"கடல் ஏறிக்கொண்டிருக்குதே ஐயா? இப்ப ஜாஸ்தியாத்தானே வரணும்?"

"ஓம்" என்று தலையாட்டினார். பீப்பாய்த் தண்ணீரைக் குனிந்து பார்த்தார்.

பிறகு ஒரு குமிழி வந்தது. அடுத்தது வந்தது. தீ மறுபடி நிமிர்ந்தது. காக் மீனாச்சி கதவைத் தட்டித் திறந்தார். அவர் அலறவில்லை. "துவான்" என்று ஒரு தடவை கூப்பிட்டார், அவ்வளவுதான்.

நாங்கள் வாசலில் நின்றோம். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. இலைகளில் சாப்பாடு வைத்தபடி இருந்தது. மெழுகித் துடைத்த சிமெண்டுத் தரையில், ஆறுமுகத்துக்குப் போட்ட இலைக்கு முன்னால், பொடிப் பொடியாகச் சிவப்பு மண். கால் தட்டிவிட்டு உட்கார்ந்தால் உதிருமே, அவ்வளவு. எங்கள் கால்களில் இருந்தது சாம்பல் சேறும் கறுப்புச் சருகும்தான். சிவப்பு இல்லை.

"கெரிங்" என்றார் காக் மீனாச்சி. காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். புருசன் போன நாளிலிருந்து அவர் அழுது யாரும் பார்த்ததில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பிறகு சொன்னார்கள்.

மலாக்காவில் சிவப்பு மண்ணுக்கா பஞ்சம், ரோடு முழுக்க அதுதானே என்று கேட்கலாம். நானே எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அம்பலவாணர் காலணியைக் கழற்றி உள்ளே போனார், ஒரு கடுகளவு கிள்ளி எடுத்தார், பழக்கதோசம், நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தேநீர் கேட்கவில்லை. துப்பவும் இல்லை.

அடுத்த சில நாட்களில் பொட்டலில் தீ தானாகத் தணிந்து அணைந்தது. குழாயும் மூச்சை நிறுத்தியது. மூடியைக் கழற்றி வேலையைத் தொடர்ந்தோம். கறுப்புச் சருகு மண் முடிந்தது. குழாய் இறுகிய ஒன்றில் முட்டிக் கரகரத்தது. மேலே எடுத்துத் தகட்டில் தள்ளினோம். சிவப்பு மண். காய்ந்து வெடித்த தரை, நடுநடுவே புல் எரிந்த கரித்துகள். அவர் இருக்க வேண்டும் என்று சொன்ன அதே தரை. வேறு நாளாக இருந்தால் கொண்டாடியிருப்போம்.

அவர் குனிந்து கிள்ளி நாக்கில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் ஒன்றாக இருக்கலாம், ருசி ஊருக்கு ஊர் மாறும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். நீண்ட நேரம் கழித்து என்னிடம் திரும்பினார். "நீரும் பாரும்." நானும் ருசி பார்த்தேன். துவர்ப்பு, பின்னால் ஒரு சாம்பல் ருசி. "அண்டைக்கு அந்த வீட்டிலயும் இதுதான்" என்றார், தாழ்ந்த குரலில்.

மாணிக்கண்ணன் கொட்டாங்கச்சியைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அம்பலவாணர் குழாய் வாயில் மோந்து பார்த்தார், வாயு இல்லை என்று உறுதி செய்துகொண்டார், காலணியைக் கழற்றினார்.

"கொளுத்துங்கோ" என்றார். "அடுத்தவன் வீடு."

அதற்குக் கீழே மணல் வந்தது, மணலில் தண்ணீர் வந்தது. முதல் குவளையைக் காக் மீனாச்சிதான் குடித்தார். உப்பில்லை என்று தலையாட்டினார். முக்காலி அந்த ஊரை விட்டுப் போகும்வரை நாங்களும் அதைத்தான் குடித்தோம். கடல் விலகிக் கிடந்த காலத்தில், யாரும் பெயர் வைக்காத ஒரு புல்வெளியில் பெய்த மழை அது. பிறகு நான் மணமுடித்து அந்தக் கம்போங் இருக்கிற இதே காஜா பெராங்கில் வீடு பிடித்தேன். என் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் கஞ்சி குடித்து வளர்ந்தார்கள். இப்போது எல்லா வீட்டிலும் குழாய்த் தண்ணீர். துளையின் மேல் சிமெண்டு போட்டுவிட்டார்கள்.

அம்பலவாணர் தன் அறிக்கையில் இலை, வாயு, சிவப்புத் தரை, மணல், தண்ணீர் எல்லாம் எழுதினார். போகியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காக் மீனாச்சி உயிரோடிருந்தவரை ஒவ்வொரு பார்ச்சுக்கும் எனக்குச் சாப்பாடு அனுப்பினார். தரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்று ஒரு தடவை சொன்னார்.

போன மாதம் வந்த அன்று, கதிரவன் கிளம்பும்போது கணினியை மூடப் போனவர், அந்தத் தவிட்டு நிறத் தரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இவ்வளவு பெரிய தரை. இதுல யாராச்சும் நடந்திருப்பாங்களா, அங்கிள்?"

"பழைய ஆளுங்களைப் பத்தி எனக்குத் தெரியாது தம்பி" என்றேன். "தெங்கேரா கடல் பக்கமிருந்து ஒருத்தர் நடந்து வந்தார். கால் நனையாம வீடு வந்து சேர்ந்தார்."